பன்னீர் ரோஜாவும் ஒரு மா வயலும்

ரோஜா வளர்க்கிறேன்னு சொன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்க. தஞ்சாவூர்ல நெல்லு விளையும், வாழை விளையும், திருவையாறு பக்கம் போனா வெத்தலை விளையும். ரோஜாவுக்கு ஓசூர் போப்பான்னு அறிவுரை சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. நமக்குத்தான் சொன்ன பேச்சைக் கேக்கற பழக்கமே கிடையாதே!

மெடிக்கல் காலேஜ் ரோட்டுப் பக்கம் சின்னதா ஒரு வீடு. வாசல்ல பத்தடிக்கு இருபதடி மண்ணு. அதுல பதினோரு தொட்டியில ஒட்டு ரோஜா. சிவப்பு, மஞ்சள், ரெண்டும் கலந்த ஒண்ணு, பேர் தெரியாத ஒண்ணுன்னு வச்சிருக்கேன். இது போக, சமையக்கட்டு ஜன்னலுக்கு வெளியே தரையில ஒரே ஒரு பன்னீர் ரோஜா.

அந்தப் பன்னீர் ரோஜாவோட கதையை முதல்ல சொல்லிடறேன். (கொசுவத்தி சுத்தியாச்சு, கொஞ்சம் பொறுத்துக்கங்க.) குடமுருட்டிக் கரையில இருந்த எங்க ஊர் வீட்டுக் கொல்லையில அப்பாயி வச்ச செடி அது. அப்பாயி போனப்புறம் பாகம் பிரிச்சு வீட்டை வித்துட்டோம். வாங்கினவர் இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறார்னு தெரிஞ்சதும், அம்மா போய் ஒரு குச்சியை ஒடிச்சு ஈரத்துணியில சுத்தி பஸ்ஸுல மடியில வச்சு எடுத்துட்டு வந்தாங்க. அந்த வீட்டுல இருந்து எங்ககிட்ட இன்னிக்கு மிச்சம் இருக்கறது மூணே சாமான். ஒரு வெத்தலை உரல், ஒரு சுவர்க் கடிகாரம், இந்தச் செடி. கடிகாரம் ஓடறதில்லை.

ஒட்டு ரோஜா செத்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம். இது செத்தா வாங்க முடியாது. மேல படிக்கறப்போ இதை மட்டும் மனசுல வச்சுக்கங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐப்பசி. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி பிடிச்ச மழை விடவே இல்லை. விட்டப்புறம் பார்த்தா, மஞ்சள் ரோஜா இலையில எல்லாம் மை தெளிச்ச மாதிரி கறுப்புப் புள்ளி. ஓரம் பிசிறு பிசிறா இருந்துச்சு. புள்ளியைச் சுத்தி இலை மஞ்சளாகி, தொட்டா கையோட வந்துடுச்சு. ஒரு வாரத்துல பக்கத்துத் தொட்டி, அடுத்த வாரம் அதுக்குப் பக்கத்துத் தொட்டி. அப்புறம் சமையக்கட்டு ஜன்னலோரம்.

வேளாண்மைப் புத்தகத்துல இதுக்குக் கரும்புள்ளி நோய்னு பேர். டிப்ளோகார்ப்பான்னு ஒரு பூஞ்சை. ரோஜாவைத் தவிர வேற எதையும் தொடாது. அவ்வளவு விசுவாசம் :-)

வீட்டுல உடனே ரெண்டு கட்சி உருவாயிடுச்சு.

அப்பா கட்சி: "கடைக்குப் போயி மருந்து வாங்கியாந்து அடிடா. ரெண்டே தெளிப்பு. செடிக்குக் காய்ச்சல் வந்தா கஷாயம் வச்சுக்கிட்டா உக்காந்திருப்பாங்க?"

தங்கமணி கட்சி: "மாமா, நீங்க சும்மா இருங்க. இது வீட்டுத் தோட்டம், வயல் இல்ல. என்னங்க, வேப்பெண்ணெய் இருக்கு, பஞ்சகவ்யம் இருக்கு, புளிச்ச மோர் இருக்கு. விஷத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்தீங்கன்னா பாத்துக்கங்க."

அம்மா எந்தக் கட்சியும் இல்லை. "செடி பொழைச்சாப் போதும்" கட்சி.

நான் அன்னிக்கு அப்பா கட்சிக்கு ஓட்டுப் போட்டேன். உரக்கடையில கார்பன்டசிம் ஒரு பாக்கெட் வாங்கினேன். லிட்டருக்கு 1 கிராம். தங்கமணி ஆபீஸ் போன நேரமாப் பார்த்து எல்லாச் செடிக்கும் அடிச்சேன், பன்னீர் ரோஜாவுக்கும் சேர்த்து. மூஞ்சியில ஒரு கர்ச்சீப்பு கட்டிக்கிட்டதோட நம்ம பாதுகாப்பு ஏற்பாடு முடிஞ்சுது.

புதுசா வந்த துளிர் சுத்தமா, பளபளன்னு இருந்துச்சு. அப்பா என்னைப் பார்த்த பார்வையில "நான் சொன்னேன்ல" இருந்துச்சு. தங்கமணிகிட்ட "தானா சரியாப் போச்சு"ன்னு ஒரு பொய்.

ஒரு வாரம் போயிருக்கும். ஞாயித்துக்கிழமை மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனா, வெயில்ல ஒரு கண்ணாடி ஜாடி. வாயில வெள்ளைத்துணி கட்டியிருக்கு. உள்ளே அடுக்கடுக்கா ரோஜா இதழ், நடுவுல கற்கண்டு.

குல்கந்து.

அம்மா வருஷா வருஷம் போடறதுதான். பன்னீர் ரோஜா இதழைத்தான் போடுவாங்க, ஒட்டு ரோஜாவுல வாசனை கிடையாது. நான் மருந்து அடிச்ச நாலாம் நாள் பறிச்சிருக்காங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லலையே. அவங்களுக்கு எப்படித் தெரியும்?

கீழே ஓடி வந்து கேட்டா, பாப்பா ஏற்கெனவே ரெண்டு ஸ்பூன் நக்கியாச்சு.

அந்த அரைமணி நேரத்தை எழுதத் தெரியலை. டாக்டர் நண்பர் ஒருத்தருக்குப் போன் போட்டேன். அவ்வளவு சின்ன அளவுல உடனே ஒண்ணும் ஆகாது, பயப்படாதேன்னார். ஒண்ணும் ஆகவும் இல்லை. ஆனா அவர் வச்சதுக்கு அப்புறம் நான் பாக்கெட்டோட வந்த அந்தத் துண்டுக் காகிதத்தை, அஞ்சாறு மொழியில எறும்பு எழுத்துல இருக்குமே, பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சேன். எந்தப் பயிருக்கு எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு இருந்துச்சு. சாப்பிடற ரோஜாப்பூவுக்கு எத்தனை நாள்னு இல்லை. ரோஜா அவங்க கணக்குல அலங்காரச் செடி. பாட்டி அதைக் குல்கந்து போடுவா, பேத்தி நக்குவான்னு கணக்குப் போட்டு யாரும் எழுதலை.

இன்னொண்ணும் அப்பத்தான் புரிஞ்சுது. மான்கோசெப் மாதிரி சில மருந்து இலை மேல படலமா ஒட்டிக்கிட்டு நிக்கும். மழை அடிச்சா பெரும்பாலும் போயிடும். கார்பன்டசிம் அப்படியில்லை, செடிக்குள்ள ஊடுருவும். கழுவினாப் போகும்னு நினைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துல இதுக்கான அனுமதி 2014லேயே முடிஞ்சு போச்சு. மரபணுவையும் இனப்பெருக்கத்தையும் பாதிக்கக் கூடியதுன்னு அங்க வகைப்படுத்தி வச்சிருக்காங்க. இதோட நெருங்கிய சொந்தக்காரன் பெனோமில். செடிக்குள்ளயும் மண்ணுலயும் போனா அதுவும் கார்பன்டசிமாத்தான் மாறும். நம்ம அரசாங்கம் பெனோமிலை 2018ல தடை பண்ணிடுச்சு. 2020 மே மாசம் 27 மருந்துகளைத் தடை பண்ணலாம்னு ஒரு வரைவு வெளியிட்டாங்க. அந்தப் பட்டியல்ல கார்பன்டசிம், மான்கோசெப் ரெண்டும் இருந்துச்சு. 2023ல கடைசியா வந்த தடை ஆணையில ரெண்டும் இல்லை.

அம்மா ஒரு வார்த்தை பேசலை. ஜாடியை எடுத்துட்டுப் போய்க் கொட்டினாங்க. கழுவிக் கவுத்தி வச்சாங்க. திட்டியிருந்தா தேவலை.

தங்கமணி பேசினா. அதை இங்க எழுத முடியாது.

மறுநாளே நான் கட்சி மாறினேன். மாறினதுன்னா சும்மா இல்லை, புதுசா மதம் மாறினவன் மாதிரி. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பின பஞ்சகவ்யம் 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி. வேப்பெண்ணெயோட காதி சோப்பு. சூடோமோனாஸ். ட்ரைக்கோடெர்மா. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணி. பால் விஷயம் கேலி இல்லைங்க. பிரேசில்ல பெட்டியோல்னு ஒரு விஞ்ஞானி சுகினின்னு ஒரு காய்ச்செடியில வர்ற சாம்பல் நோய்க்குப் பசும்பால் அடிச்சுப் பார்த்து, வழக்கமான மருந்துக்குச் சமமா கேக்குதுன்னு 1999ல கட்டுரையே போட்டிருக்கார்.

ஒரே ஒரு சிக்கல். அது சாம்பல் நோய். என் செடிக்கு வந்தது கரும்புள்ளி. ரெண்டும் பூஞ்சைதான், ஆனா குணம் நேர் எதிர். இதைத் தெரிஞ்சுக்காம நான் பால் ஊத்திக்கிட்டு இருந்தேன். எறும்புக்கு நல்ல விருந்து.

அடுத்த கூத்து ட்ரைக்கோடெர்மா. அதுவே ஒரு பூஞ்சை. கெட்ட பூஞ்சையைத் தின்னற நல்ல பூஞ்சை. கார்பன்டசிம் ஊறிக் கிடந்த தொட்டி மண்ணுல அதைக் கொண்டு போய்க் கொட்டினேன். பூஞ்சைக் கொல்லிக்கு நல்லது கெட்டதுன்னு பாக்கத் தெரியுமா? அம்பது ரூபாய்ப் பாக்கெட்டைக் காசு குடுத்து வாங்கி நானே சாகடிச்ச மாதிரிதான் ஆயிருக்கும்.

மார்கழி வந்துச்சு. பனி. பன்னீர் ரோஜாவுல இலையே இல்லை. நாலு குச்சி. அதுல ஒண்ணு நுனியில இருந்து பழுப்பாகிக் காஞ்சுக்கிட்டே கீழே இறங்குது. திரும்பத் திரும்ப இலை கொட்டினா செடிக்குச் சோறு ஆக்கறதுக்கு அடுப்பே இல்லாமப் போயிடும். பலம் போனதும் நுனிக்கருகல் பிடிச்சுக்கும். அம்மா தினம் காலையில காப்பியோட ஜன்னல்ல நின்னு பாப்பாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

ஆக, ஒரு கட்சியை நம்பி வீட்டுக்குள்ள மருந்தைக் கொண்டு வந்தேன். இன்னொரு கட்சியை நம்பி செடியைச் சாகக் குடுத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி. ஆபீஸ் விட்டு வந்து வழக்கம் போல ஓஸை மாட்டி, செடியை நல்லாக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தேன். இலை மேல தூசி இருந்தா செடிக்கு மூச்சு முட்டும்னு எங்கேயோ படிச்சது. அப்பா திண்ணையில இருந்து பார்த்துக்கிட்டே இருந்தவர், "ஏன்டா, இந்நேரத்துல தலையோட ஊத்தற?"ன்னார்.

"தினம் இப்பத்தான்பா ஊத்தறேன்."

"தினமுமா?" எந்திரிச்சு வந்துட்டார். "இலை ராத்திரி முச்சூடும் நனைஞ்சு நின்னா பூசணம் வராம வேற என்னடா வரும்? குலை நோய் எப்ப வரும்? பனி இறங்கறப்பதானே வரும்? சம்பா கதிர் வாங்கறப்போ மூணு நாள் மூட்டமா இருந்து, ராத்திரி குளிர்ந்து, காலையில வரப்புல நடந்தா வேட்டி நனையுற மாதிரி பனி இருந்துச்சுன்னா, எங்களுக்குத் தூக்கம் வராது."

அப்புறம் அவர் சொன்னதையும், நான் படிச்சதையும் சேர்த்து எழுதறேன்.

குலை நோய் நெல்லுக்கு வர்ற பூஞ்சை நோய். முதல்ல இலையில கண் மாதிரி புள்ளி. கழுத்துல பிடிச்சா கதிர் வெள்ளையா, பதரா நிக்கும். இந்தியாவுல இது பெரிய கொள்ளை நோயா அடிச்சு எல்லாரும் திரும்பிப் பார்த்ததே நம்ம தஞ்சாவூர் டெல்டாவுலதான், 1919ல. ஆடுதுறையில நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது 1922. ஊர் முழுக்க நெல்லு ஒண்ணையே நம்பி இருக்கற இடத்துல பூஞ்சைங்கறது தோட்டப் பொழுதுபோக்கு விஷயம் இல்லை, சாப்பாட்டு விஷயம்.

பண்டல் திட்டம்னு பெரியவங்க சொல்ற 'பேக்கேஜ் புரோகிராம்' 1960ல வந்தப்போ நாட்டுலேயே முதல்ல தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டத்துல தஞ்சாவூரும் ஒண்ணு. விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே மூட்டையா வந்து இறங்கிச்சு. 1965க்கு அப்புறம் ஏ.டி.டி. 27 வந்துச்சு. அப்பா வயல்ல இறங்கினது அந்தக் காலத்துலதான். "நாங்க யாரும் ஆசைப்பட்டு மருந்து அடிக்கலைடா. யூரியா போட்டோம், பயிர் கருகருன்னு வந்துச்சு. கருகருன்னு வந்த பயிரத்தான் நோய் தேடிப் பிடிச்சுது. அப்புறம் மருந்து. பின்ன நம்மாழ்வார் வந்து பேசினப்போ அவர் சொன்னது எல்லாம் எனக்குச் சரியாத்தான் பட்டுச்சு. ஆனா கதிர் வெளுக்கறப்போ கடன் வாங்கினவன் வயல்ல நின்னு யோசிக்க முடியாது."

நம்மாழ்வார் எங்க ஜில்லாக்காரர்தான். திருக்காட்டுப்பள்ளி பக்கம் இளங்காடு. சுனாமியில உப்பேறிப் போன நாகப்பட்டினம் பக்கத்து வயல்களை மறுபடி விளைய வைக்கப் பாடுபட்டவர். 2013 டிசம்பர் 30ஆம் தேதி பட்டுக்கோட்டைப் பக்கம் பிச்சினிக்காட்டுல இறந்தார்.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் தானாவே ஒண்ணு சொன்னார்.

"மேலண்டை வரப்பு ஓரமா ஒரு மா இருக்குமே, ஞாபகம் இருக்கா? அதுக்கு மட்டும் நான் மருந்து அடிச்சதில்லை. அப்பாயி விடமாட்டா. வீட்டுச் சாப்பாட்டு நெல்லு அதுலதான்."

எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அந்த ஒரு மாவுல பயிர் எப்பவும் கொஞ்சம் வெளிறி, குட்டையா இருக்கும். ஏன்னு நான் கேட்டதே இல்லை.

"மிச்சம்?"ன்னேன்.

"மிச்சம் மில்லுக்குப் போச்சு."

யார் சாப்பிட்டாங்கன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை. ஒரு வேலிக்கு இருபது மா. எங்களுக்கு இருந்தது ஒரு வேலிக்குக் கொஞ்சம் கம்மி. கணக்கு நீங்களே போட்டுக்கங்க.

அன்னிக்கு ராத்திரி எனக்கு உறைச்சது அப்பாவைப் பத்தி இல்லை, என்னைப் பத்தி. குல்கந்து கதைக்கு அப்புறம், பன்னீர் ரோஜாவுக்கு மட்டும் இனி மருந்து கிடையாது, ஒட்டு ரோஜாவுக்கு வேணும்னா அடிச்சுக்கலாம்னு நான் மனசுக்குள்ள ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன். ஒட்டு ரோஜாப் பூ எங்கே போகுது? எதிர்வீட்டுப் பொண்ணு தலைக்கு. தெருக்கோடிப் பிள்ளையாருக்கு. அந்தப் பிள்ளையார் பூவைப் பிரசாதம்னு குழந்தைங்க கையில குடுப்பாங்க, அதுங்க வாயில போடும். நானும் எனக்குன்னு ஒரு மாவை ஒதுக்கி வச்சுட்டு மிச்சத்தை மில்லுக்கு அனுப்பத்தான் இருந்தேன்.

மறுநாள் காலையில இருந்து மாத்தினேன். பெரிசா ஒண்ணும் இல்லை. சொன்னா "இவ்வளவுதானா"ன்னு கேப்பீங்க.

தண்ணி காலையில மட்டும், வேர்ல மட்டும். கரும்புள்ளி வித்து முளைச்சு இலைக்குள்ள நுழையணும்னா இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமா இருக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஊத்தின தண்ணி மார்கழி ராத்திரியில காலை எட்டு மணி வரைக்கும் காயாது. நோயைத் தினமும் சாயங்காலம் நானே கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன்.

விழுந்த இலையை அன்னன்னிக்கே பொறுக்கணும். பூஞ்சை அந்த இலையிலயும், நோய் பிடிச்ச குச்சியிலயும்தான் குடியிருக்கு. மழைத்துளி விழுந்து தெறிக்கறப்போ மேல ஏறுது. அந்த இலையை நான் இதுவரைக்கும் எருக்குழியில போட்டு, அதையே திரும்பத் தொட்டிக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். இப்போ எரிச்சுடறோம். மண்ணு மேல தேங்காய் மட்டை, வைக்கோல் பரப்பினா தெறிக்கறது குறையும்.

தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வச்சேன். நோய்க் குச்சியை நல்ல பச்சை தெரியற வரைக்கும் வெட்டினேன். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் துடைச்சேன். யூரியா நிறுத்தினேன்.

மருந்து? இருக்கு. ஐப்பசி மழைக்கு முன்னாடியே சூடோமோனாஸ், லிட்டருக்கு 5 கிராம். நெல் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம்னு நேர்த்தி பண்ணச் சொல்றாங்களே, அதேதான். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல 1990கள்ல டால்க் பவுடர்ல கலந்து வைக்கற வழி கண்டுபிடிச்சாங்க. வேளாண்மை விரிவாக்க மையத்துல கேட்டுப் பாருங்க. இது உயிருள்ள பாக்டீரியா, அதனால தாமிர மருந்தோட கலக்கக் கூடாது.

தை மாசியில துளிர்ல மாவு தூவின மாதிரி சாம்பல் நோய் வந்தா நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம். அதுக்கு இலை நனையணும்னே இல்லை, பகல் காய்ச்சலும் ராத்திரிக் குளிரும் போதும். கந்தகத்தைப் பங்குனி சித்திரை வெயில்ல அடிச்சீங்கன்னா இலை கருகிடும். வேப்பெண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்கும் தொடாதீங்க.

இங்க ஒரு சின்ன வேடிக்கை. கந்தகம், மயில்துத்தம் ரெண்டும் ரசாயனம்தானே? ஆனா இயற்கை விவசாயத்துல ரெண்டுக்கும் அனுமதி உண்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையே பிரான்ஸ்ல ரோட்டோரத் திராட்சையைத் திருடாம இருக்க அடிச்சு வச்சது. அந்த ஓரத்துக் கொடியில மட்டும் நோய் இல்லையேன்னு மில்லார்டேங்கற பேராசிரியர் கவனிச்சு, 1885ல மருந்தாவே அறிவிச்சார். ஆனா தாமிரம் ஒரு உலோகம். மக்காது, மண்ணுலயே தங்கும். "இயற்கை"ன்னு பாக்கெட்ல போட்டிருக்குன்னு அள்ளி விட முடியாது. தங்கமணிகிட்ட இதைச் சொன்னேன். "அப்ப ரெண்டு பேரும் தப்பா?"ன்னா. ரெண்டு பேரும் பாட்டிலைப் பத்தியே பேசினோம், யாரும் ஓஸைப் பார்க்கலைன்னேன்.

இன்னொண்ணு, எந்தக் கட்சி மருந்தா இருந்தாலும் புள்ளி விழுந்த இலையைத் திரும்பப் பச்சையாக்காது. அடுத்த இலையைக் காப்பாத்தறதுதான் அதோட வேலை. இதைப் புரிஞ்சுக்காம "அடிச்சும் போகலையே"ன்னு மேல மேல அடிக்கறோம். நானும் அப்படி அடிச்சவன்தான்.

நோய் முழுக்கப் போயிடுச்சான்னா, இல்லை. ஒவ்வொரு ஐப்பசியிலயும் கீழ் இலையில பத்துப் புள்ளி வரும். நாங்க பொறுக்கறோம். மஞ்சள் ரோஜா ரெண்டு வருஷம் தாக்குப் பிடிச்சுட்டுப் போயிடுச்சு. அதுக்காக மறுபடி கார்பன்டசிம் வாங்கலை. அந்த வகை நம்ம ஊர் மழைக்கு ஒத்து வராதுன்னு விட்டுட்டேன். ஆனா நெல்லு போட்டவன்கிட்ட போய் "விட்டுடுங்க"ன்னு சொல்ற தைரியம் எனக்கில்லை. ஒரு தொட்டிச் செடி போனா எனக்கு நூறு ரூபாய். கதிர் வெளுத்தா அவனுக்கு அந்த வருஷமே போச்சு.

பன்னீர் ரோஜா? அந்த மாசியில நாலு குச்சியில ரெண்டைத் தரையோட வெட்டினோம். பங்குனி முழுக்க ஒண்ணும் இல்லை. சித்திரை பொறந்து ஒரு காலையில அம்மா ஜன்னல்ல இருந்து, "தம்பி, இங்க வந்து பாரு"ன்னாங்க. அடியில, மண்ணை ஒட்டி, சிவப்பா ஒரு முளை.

இப்போ இடுப்பு உயரம். போன வருஷம் ஆறு குச்சி வெட்டி வச்சதுல நாலு பிடிச்சுது. ஒண்ணு தங்கச்சி வீட்டுக்கு, ஒண்ணு சித்தப்பா வீட்டுக்கு, ஒண்ணு எதிர்வீட்டுப் பொண்ணுக்கு. ஒண்ணு கையிருப்பு. இனிமே எங்க வீட்டுச் செடியை நம்பி மட்டும் அப்பாயி இல்லை.

காலையில எனக்கு முன்னாடி எந்திரிக்கறது அப்பாதான். குனிய முடியாது, அதனால குட்டி முக்காலி போட்டு உக்காந்து, விழுந்த இலையை ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் பழைய மருந்து டப்பாவை அறுத்துப் பண்ணின— ஐயோ இல்லை, பதறாதீங்க, பழைய பெயிண்ட் டப்பாவுல போடுவார் :-) பாப்பா கூட நின்னு எண்ணுவா. நேத்திக்குப் பதினேழு.

மாடியில ஜாடி வெயில்ல இருக்கு. துணி கட்டியிருக்கு. இந்தத் தடவை மூடியில அம்மா ஒரு சீட்டு ஒட்டியிருக்காங்க, பறிச்ச தேதி எழுதி. என்னை நம்பலைன்னு அர்த்தமான்னு கேட்டேன்.

"உன்னை நம்பாம இல்லடா. எழுதி வச்சா எல்லாருக்கும் நல்லதுதானே"ன்னாங்க.